எண்ணெயில் விழுந்த கேள்விகள்

போன இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவது கெட்டுப்போனதால் அல்ல, அது அதன் சுபாவம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். ஒரே ஒரு வரிதான். அதற்கு வந்த கடிதங்களும் மின்னஞ்சல்களும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளும் சேர்ந்து இந்த மாதப் பக்கத்தை முழுசாக விழுங்கிவிட்டன. பள்ளியில் வேதியியல் நடத்திய காலத்தில் கொழுப்பு அமிலம் என்று கரும்பலகையில் எழுதினாலே கடைசி பெஞ்சு தூங்கிவிடும். இப்போது அதே பெஞ்சு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறது! ஆகவே இந்த முறை எண்ணெய், நெய், கொழுப்பு தவிர வேறு பேச்சில்லை. மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அதற்கு உங்கள் டாக்டர்தான்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர்:

ஐயா, எங்கள் வீட்டில் சொந்தத் தோப்புக் கொப்பரையை ஆட்டித்தான் எண்ணெய். டிசம்பர் வந்தால் பாட்டிலுக்குள் மெழுகு மாதிரி உறைந்துவிடுகிறது. பக்கத்திலேயே நல்லெண்ணெய் ஒன்றும் ஆகாமல் இருக்கிறது. சென்னையிலிருந்து வந்த மாப்பிள்ளை, "வெளியிலேயே உறையுற எண்ணெய் ரத்தக்குழாய்க்குள்ள போய் உறையாதா மாமா?" என்று கேட்கிறார். என்ன சொல்ல?

பதில்: மாப்பிள்ளையின் கையில் முதலில் ஒரு தெர்மாமீட்டரைக் கொடுங்கள். தேங்காய் எண்ணெய் உருகுவது சுமார் 24 டிகிரியில், அவர் உடம்பின் சூடு 37 டிகிரி. உள்ளே போய் உறைய வாய்ப்பே இல்லை. போதாததற்கு, தின்ற எண்ணெய் எண்ணெயாகவே ரத்தத்தில் ஓடுவதும் இல்லை. குடலில் துண்டு துண்டாக உடைந்து, குடல் சுவரைத் தாண்டியதும் திரும்ப ஒட்டப்பட்டு, புரதம் சுற்றிய பொட்டலமாகத்தான் போகிறது.

ஆனால் அவர் கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை. எண்ணெய், நெய், ஆட்டுக் கொழுப்பு எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவைதான். கிளிசரால் என்று மூன்று கார்பன் உள்ள ஒரு சின்ன மூலக்கூறு, அதில் மூன்று கொக்கி, கொக்கிக்கு ஒன்றாக மூன்று கொழுப்பு அமிலம். மூன்று வால் கட்டிய பட்டம் என்று பசங்களுக்குச் சொல்லுவேன். இதற்குத்தான் டிரைகிளிசரைடு என்று பெயர். வால் எவ்வளவு நீளம், எங்கே மடங்குகிறது என்பதில்தான் தேங்காய்க்கும் எள்ளுக்கும் உள்ள வித்தியாசம் அத்தனையும் அடங்கியிருக்கிறது.

வாலில் உள்ள கார்பன்கள் எல்லாம் வயிறு நிறைய ஹைட்ரஜனைப் பிடித்து வைத்திருந்தால் அது நிறைவுற்ற கொழுப்பு அமிலம். அது நேராக நீண்டு கிடக்கும். எங்காவது இரண்டு ஹைட்ரஜன் குறைந்து, பக்கத்துப் பக்கத்துக் கார்பன்கள் இரட்டைப் பிணைப்பு போட்டுக்கொண்டால் வால் அந்த இடத்தில் வளையும். சவுக்குக் கட்டையை அடுக்கிப் பாருங்கள், இடைவெளியே இல்லாமல் அடங்கிவிடும். கருவேல விறகை அப்படி அடுக்க முடியுமா? மூலக்கூறுக்கும் அதே கதைதான். 18 கார்பன் உள்ள ஸ்டியரிக் அமிலம், வளைவே இல்லாதது, 69 டிகிரி வரை கட்டியாக இருக்கும். அதே 18 கார்பன்தான், ஒரே ஒரு வளைவு உள்ள ஒலியிக் அமிலம் 13 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. இரண்டு வளைவு உள்ள லினோலியிக் அமிலத்தை உறைய வைக்க வேண்டுமானால் பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரிக்குப் போக வேண்டும். நல்லெண்ணெயில் ஒலியிக்கும் லினோலியிக்கும் தலைக்கு 40 சதவீதம்போல இருக்கின்றன, அதனால்தான் அது மார்கழியிலும் பாட்டிலில் அசைந்துகொண்டிருக்கிறது.

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்றது. அதில் பாதிக்குக் கிட்டத்தட்ட லாரிக் அமிலம், 12 கார்பன்தான், குட்டை வால். குட்டையாக இருப்பதால்தான் 24 டிகிரியிலேயே உருகுகிறது, இல்லையென்றால் சித்திரை வெயிலிலும் கத்தியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ரத்தக்குழாய் விஷயத்தில் மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் மதிப்பெண் கொடுத்துவிடுகிறேன். உறைவதால் அல்ல, நிறைவுற்ற கொழுப்பு கூடினால் ரத்தத்தில் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்வது, ஏறுகிறது, அதனால். மற்ற தாவர எண்ணெய்களோடு வைத்து ஒப்பிட்ட சோதனைகளில் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லைக் கூட்டத்தான் செய்கிறது. நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்டிஎல்லையும் சேர்த்துக் கூட்டுகிறது, அதனால் பாதகமில்லை என்று வாதாடுகிறவர்கள் உண்டு, எனக்கு அது முழுசாகச் செரிக்கவில்லை. 2018-இல் ஹார்வர்டு பேராசிரியர் ஒருவர் தேங்காய் எண்ணெயைச் சுத்த விஷம் என்று ஒரு மேடையில் பேசிவிட, நம் ஊரில் பெரிய சண்டையே நடந்தது. விஷம் என்பது அதிகப்பிரசங்கம். அதே சமயம், காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி குடித்தால் ஞாபக சக்தி கூடும், தைராய்டு போகும் என்று வரும் வீடியோக்களும் அதே ரகம்தான். அவியலுக்கு ஊற்றுங்கள், தலைக்குத் தேயுங்கள், எல்லாச் சமையலுக்கும் அதையே கொட்டாதீர்கள்.

இன்னொன்று, உறைந்தால் சுத்தமான எண்ணெய் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பனை எண்ணெய்க் கொட்டையின் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயிலும் லாரிக் அமிலம்தான் அதிகம், அதைக் கலந்தாலும் அழகாக உறையும். உங்களுக்குக் கவலையில்லை, சொந்தத் தோப்பு.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்:

சார், எனக்கு வயது 46. ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு 320 என்று வந்திருக்கிறது. நான் ஒரு வருடமாக எண்ணெய்ப் பலகாரத்தையே தொடுவதில்லை. மூன்று வேளையும் இட்லி, சாதம், ரசம் என்று சுத்தமாகத்தான் சாப்பிடுகிறேன். ரிப்போர்ட் தப்பா?

பதில்: ரிப்போர்ட் சரியாகத்தான் இருக்கும். 150-க்குள் இருக்க வேண்டியது 320 என்றால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும், அதை முதலில் செய்யுங்கள். அப்புறம் உங்கள் கேள்வி. எண்ணெய் தின்றால்தான் உடம்பில் எண்ணெய் சேரும் என்று நினைக்கிறோம். ஈரல் ஒரு நல்ல செக்கு. சாதம், இட்லி, சர்க்கரை என்று மாவுச்சத்து தேவைக்கு மேல் வந்து விழுந்தால், மிச்சத்தை இரண்டு இரண்டு கார்பனாகக் கோத்து 16 கார்பன் உள்ள பால்மிட்டிக் அமிலமாக ஆட்டிவிடும். பிறகு மூன்று மூன்றாகக் கிளிசராலில் மாட்டி ரத்தத்தில் அனுப்பிவிடும், அதுதான் உங்கள் 320. மது குடித்தாலும் இதே வேலை இன்னும் வேகமாக நடக்கும். நீங்கள் குடிப்பதாக எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. சாதத்தின் அளவைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, சுண்டல், காய் வைத்து, சாயங்காலம் முக்கால் மணி நேரம் நடந்து பாருங்கள். பலருக்கு இந்த எண் மற்ற எண்களைவிடச் சொன்ன பேச்சைக் கேட்கும்.

ரத்தம் எடுக்கும் முன் பட்டினியாக வரச் சொல்வதும் இதற்குத்தான். முந்தின நாள் விருந்தின் கொழுப்புப் பொட்டலங்கள் ரத்தத்திலிருந்து இறங்க நேரம் பிடிக்கும். வழியில் ஒரு காபி குடித்துவிட்டுப் போனேன் என்கிறவர்கள் உண்டு. பால் காபி, அதிலும் கொழுப்பு இருக்கிறது.

விருதுநகரிலிருந்து ஒரு வாசகி:

அண்ணா, கடலை எண்ணெய் பாக்கெட்டில் கொலஸ்ட்ரால் அறவே இல்லை என்று பெரிசாகப் போட்டிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் பத்து ரூபாய் அதிகம் கொடுத்து வாங்கினேன். சரிதானே?

பதில்: பொய் இல்லை தங்கச்சி, ஆனால் பசும்பாலில் மீன்முள் இல்லை என்று எழுதுகிற மாதிரிதான். கொலஸ்ட்ராலை உண்டாக்குவது விலங்குகள், செடிகொடிகளில் அது பேருக்கு மேல் இருக்காது. எந்தக் கடலை எண்ணெயிலும் அது இல்லை, உங்கள் ஊர்ச் செக்கில் ஆட்டிய எண்ணெயிலும் இல்லை. அந்தப் பத்து ரூபாய் போனது போனதுதான்.

கொலஸ்ட்ரால் லிப்பிட் குடும்பத்தில் ஒரு உறுப்பினர். லிப்பிட் என்பது தண்ணீரில் கரையாத, எண்ணெய்ப் பசையான பலதரப்பட்ட பொருள்களுக்கு மொத்தமாக வைத்த வீட்டுப் பெயர். அந்த வீட்டில் இருந்தாலும் கொலஸ்ட்ரால் கொழுப்பு இல்லை. மூன்று வால் கிடையாது, நான்கு வளையங்கள் ஒட்டிய ஒரு உருவம், எரித்துச் சக்தி எடுக்கவும் முடியாது. அதில்லாமல் உங்கள் செல்களின் சவ்வு நிற்காது, பித்தநீர் இல்லை, பல ஹார்மோன்கள் இல்லை. அதனால் நாம் சாப்பாட்டில் கொடுக்கிறோமா இல்லையா என்று காத்திருக்காமல் உடம்பே தயார் செய்துகொள்கிறது. பித்தப்பைக் கல்லில் கிடைத்த இந்தப் பொருளுக்கு 1815 வாக்கில் கொலஸ்ட்ரின் என்று பெயர் வைத்தவர் மிஷேல் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். கொழுப்புகளை முதன்முதலாகப் பிரித்து மேய்ந்தவரும் அவர்தான், பாரிஸ் ஈபிள் கோபுரத்தில் பெயர் பொறித்த 72 பேரில் ஒருவர். ஆயுள் முழுக்கக் கொழுப்போடு புழங்கிய மனுஷன் 102 வயசு வரை இருந்தார், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றாலும் வகுப்பில் சொல்லாமல் விடமாட்டேன்.

பாக்கெட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்: நிறைவுற்றது எத்தனை கிராம், டிரான்ஸ் (அது என்ன என்று கீழே டால்டா கேள்வியில் சொல்கிறேன்) எத்தனை கிராம். ரத்தத்தில் எல்டிஎல்லை ஏற்றுவதில் தின்னும் கொலஸ்ட்ராலைவிட அந்த இரண்டுக்கும்தான் பங்கு அதிகம்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி:

எந்த எண்ணெயில் கலோரி குறைவு?

பதில்: எதிலும் இல்லை. ஆலிவ், கடலை, பாமாயில், நெய், எல்லாம் கிராமுக்கு 9 கலோரி. லைட் என்று பெயர் வைத்த எண்ணெயும் 9 தான், நாக்குக்குத்தான் லைட்.

சேலத்திலிருந்து ஒரு வாசகி:

ஐயா, எங்கள் அம்மா நெய் வாங்க வசதியில்லாத காலத்தில் கேசரி, லட்டு எல்லாம் டால்டாவில்தான் செய்வார்கள். இப்போது டால்டா என்றாலே எல்லாரும் அலறுகிறார்கள். நெய்யும் கட்டி, டால்டாவும் கட்டி. பிறகு என்ன வித்தியாசம்?

பதில்: இதைத்தான் உட்கார்ந்து பேச வேண்டும். நெய் கட்டியாக இருப்பது பசுவும் எருமையும் செய்த வேலை, டால்டா மாதிரியான வனஸ்பதி கட்டியாக இருப்பது நிக்கல் செய்த வேலை. மலிவான தாவர எண்ணெயைச் சூடாக்கி, நிக்கல் தூளைப் போட்டு, அழுத்தத்தில் ஹைட்ரஜனை உள்ளே விட்டால், வளைந்த வால்களில் காலியாக இருந்த இடங்களில் ஹைட்ரஜன் போய் ஒட்டிக்கொள்ளும். கருவேலம் சவுக்காக மாறும். எண்ணெய் கட்டியாகும். திரவ எண்ணெயில் இதைச் செய்து காட்டி 1902-இல் காப்புரிமை வாங்கியவர் ஜெர்மனியின் வில்ஹெல்ம் நார்மன். அதற்கு அடிப்படை போட்ட பிரான்ஸின் பால் சபாட்டியேவுக்கு 1912-இல் நோபல் பரிசு. இந்தியாவில் டால்டா 1937-இல் கடைக்கு வந்தது. நெய் விலையில் ஒரு பங்கு, மணல் மணலாக நெய் மாதிரியே பதம், வருஷக்கணக்கில் கெடாது. அம்மாவைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அப்போது யாருக்கும் தெரியாது.

தெரியாமல் போனது இதுதான். ஹைட்ரஜனை முழுசாக ஏற்றினால் கல் மாதிரி ஆகிவிடும், கேசரிக்கு ஆகாது என்று பாதியில் நிறுத்துவார்கள். அந்தப் பாதி வழியில் சில இரட்டைப் பிணைப்புகள் ஹைட்ரஜனையும் ஏற்காமல், பழைய வளைவையும் தொலைத்துவிட்டு, பக்கம் மாறித் திரும்பிவிடும். இயற்கையில் பெரும்பாலும் இருப்பது சிஸ் வடிவம், வளைந்தது. திரும்பியது டிரான்ஸ் வடிவம், ஏறக்குறைய நேரானது. ஒலியிக் அமிலம் 13 டிகிரியில் உருகும் என்றேனே, அணு ஒன்றுகூடக் கூடாமல் குறையாமல் டிரான்ஸாகத் திரும்பிவிட்டால் அதே சாமான் 45 டிகிரி வரை கட்டியாக நிற்கும். பேருக்கு நிறைவுறாதது, நடத்தை நிறைவுற்றது. உடம்பில் அதைவிட மோசம்: நிறைவுற்ற கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றினாலும் எச்டிஎல்லை இறக்காது, டிரான்ஸ் கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றி எச்டிஎல்லை இறக்கவும் செய்யும். பழைய வனஸ்பதியில் பத்து, இருபது சதவீதம் டிரான்ஸ் இருந்தது சர்வசாதாரணம். இப்போது இந்தியாவில் சட்டப்படி 2022 ஜனவரியிலிருந்து எண்ணெயிலும் கொழுப்பிலும் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, அதற்கு முந்தைய வருஷம் 3 சதவீதம். ஆகவே இன்றைய பாக்கெட் அம்மா காலத்து டால்டா இல்லை. ஆனாலும் நிறைவுற்ற கொழுப்பு கணிசமாக உண்டு, கேசரிக்குக் கொஞ்சமாக நெய்யே விடுங்கள். நெய்யிலும் மாட்டின் வயிற்றில் நுண்ணுயிர்கள் செய்த டிரான்ஸ் கொஞ்சம் இருக்கும் என்று யாராவது சரியாகப் பிடித்து எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

ஒரு பழைய சங்கதி. நெய்யில் வனஸ்பதி கலக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க, வனஸ்பதி செய்யும்போதே அதில் நல்லெண்ணெய் கொஞ்சம் சேர்த்தாக வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் போட்டார்கள். நல்லெண்ணெய் உள்ள எதையும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சர்க்கரையும் போட்டுக் குலுக்கினால் ரோஜா சிவப்பு வந்துவிடும். நெய் சிவந்தால் திருடன் மாட்டினான். அதாவது எள் எண்ணெயை ஒற்றனாக உள்ளே அனுப்பினார்கள். வகுப்பில் இந்தச் சோதனையைச் செய்து காட்டிய வருஷம், பக்கத்து மிட்டாய்க் கடைக்காரர் என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை.

கடலூரிலிருந்து ஒரு வாசகி:

ரேஷனில் 25 ரூபாய்க்குக் கொடுக்கும் பாமாயிலை வாங்கலாமா, வேண்டாமா? சாப்பிட்டால் ஹார்ட் அட்டாக் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது.

பதில்: வாங்கலாம். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் விற்கிற விலைக்கு வாங்க முடியாத வீட்டில், வாட்ஸ்அப் அனுப்புகிறவரா வந்து எண்ணெய் வாங்கிக் கொடுக்கப் போகிறார்?

பாமாயில் என்பது மேற்கு ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட எண்ணெய்ப் பனையின் பழச் சதையில் எடுப்பது, நம் பனைமரத்துக்கும் அதற்கும் தூரத்து உறவுதான். எண்ணெயை மெதுவாகக் குளிரவைத்தால் கட்டியாகும் பகுதி தனியாக, திரவமாக நிற்கும் பகுதி தனியாகப் பிரியும், திரவப் பகுதிதான் உங்களுக்கு வரும் பாமோலின். அப்படிப் பிரித்த பிறகும் அதில் 45 சதவீதம்போல நிறைவுற்றதுதான், பெரும்பாலும் பால்மிட்டிக் அமிலம். கடலை எண்ணெயில் அது 20 சதவீதத்துக்குள் அடங்கும். தேங்காய் எண்ணெயைவிடக் குறைவு, நெய்யைவிடக் குறைவு, கடலை எண்ணெயைவிட அதிகம், இதுதான் நிலவரம். ஒரு நல்ல குணமும் இருக்கிறது: வளைவு குறைவாக உள்ளதால் கொதிக்கும் சட்டியில் சீக்கிரம் சிதையாது. அதனால் அப்பளம், வடகம் பொரிக்க அதை வைத்துக்கொண்டு, தாளிக்கவும் குழம்புக்கும் கொஞ்சமாக நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ வைத்துக்கொள்ளுங்கள். நடக்கிற காரியம் அதுதான்.

சொல்ல மறந்தேன், பாமாயில் வேண்டவே வேண்டாம் என்கிறவர்கள் வீட்டு பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்.

ராமநாதபுரத்திலிருந்து ஒரு வாசகர்:

அண்ணே, ஒமேகா-3 மாத்திரை மாதம் 900 ரூபாய்க்கு வாங்கச் சொல்கிறான் என் பையன். நாங்கள் கடற்கரைக்காரர்கள். இதெல்லாம் தேவையா? ஒமேகா என்றால் என்ன?

பதில்: பையனின் பாசம் வாழ்க, 900 ரூபாய்க்கு மத்தி மீன் வாங்குங்கள்.

ஒமேகா என்பது கிரேக்க எழுத்துகளில் கடைசி எழுத்து. கொழுப்பு அமில வாலின் கடைசி நுனியிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் முதல் வளைவு மூன்றாவது கார்பனில் இருந்தால் ஒமேகா-3, ஆறாவதில் இருந்தால் ஒமேகா-6. அவ்வளவுதான் விஷயம். ஏன் அந்த நுனியிலிருந்து எண்ண வேண்டும் என்றால், அந்த நுனிப்பக்கம் நம் உடம்பு கை வைக்க முடியாது. தலைப்பக்கத்திலிருந்து ஒன்பதாவது கார்பன் வரைதான் நம் நொதிகளுக்கு வளைக்கத் தெரியும். அதைத் தாண்டி வளைந்த வால் வேண்டுமானால் செடியிடமோ மீனிடமோதான் வாங்க வேண்டும். இதை முதலில் காட்டியவர்கள் அமெரிக்காவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதி. 1929-இல் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி போட்டார்கள். தோல் செதில் செதிலாக உரிந்து, வால் புண்ணாகி, வளர்ச்சி நின்று, எலிகள் செத்தன. கொழுப்பு வெறும் எரிபொருள்தான், மாவுச்சத்து இருந்தால் அது எதற்கு என்று நினைத்திருந்த காலம் அது. நோய்ப்பட்ட எலிகளுக்கு லினோலியிக் அமிலம் கொடுத்ததும் தேறின. ஒமேகா-6 ஆன லினோலியிக், ஒமேகா-3 ஆன ஆல்ஃபா லினோலெனிக், இந்த இரண்டும்தான் அத்தியாவசியக் கொழுப்பு அமிலங்கள்.

முதலாவதற்கு நம் வீடுகளில் பஞ்சமே இல்லை. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எல்லாவற்றிலும் கொட்டிக் கிடக்கிறது. இரண்டாவதுதான் குறைச்சல். மூளைக்கும் கண்ணின் விழித்திரைக்கும் வேண்டிய டிஹெச்ஏ, ரத்தக்குழாய்க்கு நல்லது என்கிற ஈபிஏ, இவை அதைவிட நீளமான ஒமேகா-3 வால்கள். மீன் அவற்றைத் தானாகச் செய்வதில்லை. கடல் பாசி செய்கிறது, பாசியைத் தின்ற நுண்ணுயிரைத் தின்ற மத்திக்கு வருகிறது, மத்தியிடமிருந்து உங்களுக்கு. மத்தி, அயிலை மாதிரி சதையிலேயே எண்ணெய் ஊறிய மீன்களில் அதிகம். விலை உயர்ந்த வஞ்சிரம்தான் உசத்தி என்று இல்லை. வாரம் இரண்டு நாள் குழம்பு வைத்தால் போதும், பொரித்தால் அந்த எண்ணெயும் சேர்ந்து வரும் என்பதை மறக்காதீர்கள்.

மாத்திரை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முன்பக்கத்தில் போட்டிருக்கும் 1000 மில்லிகிராமைப் பார்க்காதீர்கள், அது மீன் எண்ணெயின் எடை. பின்பக்கம் ஈபிஏ 180, டிஹெச்ஏ 120 என்று இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 300 தான், பாக்கி 700 வேறு கொழுப்பு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பலர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஆளி விதை எண்ணெயில் பாதிக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக்தான். வறுத்துப் பொடித்து இட்லிப் பொடியோடு கலந்துகொள்ளலாம், முழு விதையாக விழுங்கினால் வந்த வழியே போய்விடும். ஆனால் அதை டிஹெச்ஏ ஆக மாற்றுவதில் நம் உடம்பு மகா சோம்பேறி, நூற்றில் ஒரு சிறு பங்குதான் மாறும். மீன் வேண்டாம், டிஹெச்ஏ வேண்டும் என்றால் பாசியிலிருந்தே எடுத்த மாத்திரை இருக்கிறது. மீனும் அதே கடையில்தான் வாங்குகிறது.

தர்மபுரியிலிருந்து ஒரு வாசகர்:

விளக்கெண்ணெய் குடித்தால் ஏன் பேதியாகிறது, கடலை எண்ணெய் குடித்தால் ஆவதில்லை?

பதில்: ஆமணக்கு எண்ணெயில் 90 சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட ரிசினோலியிக் என்ற ஒரே அமிலம், வேறு எந்தச் சமையல் எண்ணெயிலும் பார்க்க முடியாத சரக்கு. வாலின் நடுவில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு கொண்டை இருக்கும். குடலில் பிரிந்ததும் அது குடல் தசையில் உள்ள ஒரு குறிப்பிட்ட பூட்டில் சாவி மாதிரி பொருந்தி முறுக்கிவிடுகிறது, அந்தப் பூட்டு எது என்று 2012-இல்தான் கண்டுபிடித்தார்கள். பாட்டிக்கு அதற்கு முன்பே தெரியும், எத்தனை சொட்டு என்பது உட்பட. அந்தக் கொண்டையால்தான் அது அவ்வளவு பிசுபிசுப்பு, அந்தக் காலத்து விமான எஞ்சினுக்கும் அதையே ஊற்றினார்கள்.

சென்னை, பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர்:

எங்கள் தெருமுனை பஜ்ஜிக் கடையில் எண்ணெய் எப்போதும் கறுப்பாகவே இருக்கிறது. வீட்டில் மனைவியும் பூரி சுட்ட எண்ணெயை எடுத்து வைத்து மறுபடி பயன்படுத்துகிறாள். இரண்டும் ஒன்றுதானே?

பதில்: கடையையும் வீட்டையும் ஒரே தராசில் வைத்து வீட்டில் சண்டை மூட்டப் பார்க்கிறீர்கள். ஒன்றில்லை. எண்ணெய் காயும்போது மூன்று விதத்தில் கெடும். மாவிலும் காயிலும் உள்ள தண்ணீர் பட்டு வால்கள் கழன்று விழும். காற்று பட்டு வளைவு உள்ள இடங்கள் அரிக்கப்படும். சூட்டில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கெட்டியாகும், எண்ணெய் பாகு மாதிரி இழுப்பதும் நுரைப்பதும் அதனால். கழன்று விழுந்த வால்கள் கூடக் கூட எண்ணெய் சீக்கிரமே புகைய ஆரம்பிக்கும், அந்தப் புகையில் கண் எரிவது கிளிசரால் கருகி உண்டாகும் அக்ரோலின் என்ற ஆவியால். இப்படிச் சிதைந்த சரக்கு எண்ணெயில் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் பொரித்து விற்கக் கூடாது என்று 2018-இலிருந்து விதி இருக்கிறது. தெருமுனைக் கடைக்காரர் அதை எந்தக் கருவியில் அளக்கப் போகிறார்? கறுப்பு, நுரை, அடுப்பை விட்டு நாலடி தள்ளி நின்றாலும் கண் எரிச்சல், மூன்றும் இருந்தால் டீயோடு திரும்பிவிடுங்கள்.

வீட்டில் பூரி சுட்ட எண்ணெயை வடிகட்டி வைத்து, இரண்டு மூன்று நாளைக்குள் தாளிக்கத் தீர்த்துவிட்டால் ஒன்றும் ஆகாது. திரும்பத் திரும்பக் காயவைப்பதும், பழசோடு புதுசை ஊற்றி நிரப்பிக்கொண்டே போவதும்தான் தப்பு. மீன் பொரித்தது மட்டும் மறுபடி வேண்டாம், வாடைக்காக மட்டும் சொல்லவில்லை.

நாகர்கோவிலிலிருந்து பத்தாம் வகுப்பு மாணவன்:

சார், சாக்லேட் உறையில் 322 என்று எண் போட்டிருக்கிறதே, அது என்ன? என் தங்கை அது பன்றிக் கொழுப்பு என்கிறாள்.

பதில்: தங்கையிடம் சொல்லு தம்பி, அது லெசித்தின், பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுப்பது. மூன்று வாலில் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்தக் கொக்கியில் பாஸ்பரஸ் உள்ள ஒரு தலையை மாட்டினால் பாஸ்போலிப்பிட். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும், அதனால் ஒட்டாத இரண்டு பேருக்கு நடுவே உட்கார்ந்து சமாதானம் பண்ணும். முட்டை மஞ்சள் கருவில் நிறைய இருக்கிறது. உன் உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கிற சவ்வே இதன் இரட்டை வரிசைதான், பரீட்சைக்கு வரும், எழுதி வைத்துக்கொள்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி:

மரச்செக்கு எண்ணெய் லிட்டருக்கு நூறு ரூபாய் கூடுதல். அதில் நல்ல கொழுப்பு அதிகமா? அது ஏன் சீக்கிரம் காறல் வாடை அடிக்கிறது, நல்லெண்ணெய் மட்டும் ஏன் அடிப்பதில்லை?

பதில்: கொழுப்பைப் பொறுத்தவரை செக்கில் ஆட்டினாலும் மில்லில் பிழிந்தாலும் கடலை கடலைதான், வால்கள் மாறுவதில்லை. மாறுவது வாலோடு வரும் சில்லறைகள்: வைட்டமின் ஈ, நிறம், மணம். ரீஃபைன் செய்யும்போது காரம் போட்டு, களிமண்ணில் நிறம் நீக்கி, 200 டிகிரிக்கு மேல் நீராவி விட்டு வாடையைத் துரத்துகிறார்கள், அதில் இந்தச் சில்லறை கொஞ்சம் போய்விடும். கூடவே காறலைத் தூண்டும் கசடும் போய்விடுவதால் பாக்கெட் எண்ணெய் நாள்பட நிற்கிறது. செக்கு எண்ணெயில் கசடு இருக்கும், வெயில் பட்டால் சீக்கிரம் காறும். மாதத்துக்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள், ஜன்னலோரம் கண்ணாடி பாட்டிலில் வைக்காதீர்கள். மணத்துக்காக நூறு ரூபாய் கொடுக்கலாம் என்றால் கொடுங்கள், நான் கொடுக்கிறேன். இதயத்துக்காக என்றால் அந்த நூறு ரூபாய்க்குக் கீரை வாங்குங்கள்.

நல்லெண்ணெய்க்கு மட்டும் ஒரு வரம். வளைவு கணக்கில் பார்த்தால் அது சீக்கிரம் கெட்டுப்போக வேண்டிய எண்ணெய். எள்ளுக்குள்ளேயே செசமின், செசமோலின் என்று காவல்காரர்கள் இருக்கிறார்கள், சூட்டில் செசமோலினிலிருந்து செசமோல் பிறந்து காற்றை வால் பக்கம் அண்டவிடாது. ஊறுகாய்க்கு மேல் விரல்கடை உயரத்துக்கு நல்லெண்ணெய் நிற்க வேண்டும் என்று அம்மாக்கள் அடம் பிடித்ததில் இந்த வேதியியல் முழுக்க இருக்கிறது. ஆட்டும்போது கருப்பட்டி போடுவதால்தான் கெடுவதில்லை என்று செக்கில் சொல்வார்கள். கருப்பட்டி எள்ளைப் பிடித்துக்கொடுத்து எண்ணெயைப் பிரிக்க உதவும், காவல் வேலை எள்ளினுடையது.

கோவையிலிருந்து ஒரு வாசகி:

இவ்வளவும் சொல்கிறீர்களே, உங்கள் வீட்டில் என்ன எண்ணெய், எவ்வளவு?

பதில்: நாங்கள் இரண்டு பேர். பொரிக்கக் கடலை எண்ணெய், குழம்புக்கும் இட்லிப் பொடிக்கும் நல்லெண்ணெய், அவியலுக்கும் தலைக்கும் தேங்காய் எண்ணெய், ஞாயிற்றுக்கிழமை பருப்பு சாதத்துக்கு நெய். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று டாக்டர் சொன்னார், அதாவது நாளைக்கு 15 கிராம், மூன்று டீஸ்பூன். நாலு பேர் வீட்டில் மாதம் நாலு லிட்டர் ஓடினால் அது இரட்டிப்பு, தேங்காய்ச் சட்னி, பால், நிலக்கடலையில் மறைந்து வருவது தனி. நான் அரை லிட்டர் கணக்கைக் காப்பாற்றுகிறேனா என்றால், தீபாவளி மாதம் தவிர மற்ற மாதங்களில் ஏறக்குறைய. முறுக்கு எனக்குப் பலவீனம்.